மழைத் தளத்துல திடீர் திடீர்னு ஆயிரக்கணக்குல கெஸ்ட் வர்றாங்க, யாரு இவங்க? எப்படிக் கண்டுபிடிக்கறது?

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து எழுதறேன். சர்வர் விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நாங்க சில பேர் சேந்து கடலூர், புதுச்சேரி பக்கத்து மழைக் கணக்குக்குன்னே ஒரு சின்ன தளம் நடத்தறோம், 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு ஊரே சின்னாபின்னமானதுக்கு அப்புறம் ஆரம்பிச்சது. மொட்டை மாடியில மழைமானி வெச்சிருக்கறவங்க காலையில எட்டரைக்கு அளவு பாத்து போடுவாங்க, நெல்லிக்குப்பத்துல எவ்ளோ, பாகூர்ல எவ்ளோ, பரங்கிப்பேட்டையில எவ்ளோன்னு. தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் கடலுக்குப் போறவங்க காத்து எப்படின்னு கேப்பாங்க, துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு யாராவது சொல்லுவாங்க. பிஹெச்பிபிபிங்கற (phpBB) இலவச ஃபோரம் சாஃப்ட்வேர்ல ஓடுது, பல தளங்க ஒரே சர்வரைப் பங்கு போட்டுக்கற சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்தான். காசு எங்க கைக்காசு, விளம்பரம் எதுவும் கிடையாது.

சாதாரண நாள்ல கீழ "ஆன்லைனில் உள்ளவர்கள்"ன்னு காட்டற இடத்துல 20, 30 கெஸ்ட், அதாவது லாக்இன் பண்ணாம பாக்கறவங்க, இருப்பாங்க. ஐப்பசி கார்த்திகையில கூடும், அது தெரிஞ்சதுதான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்து நகராம நின்னுச்சே அன்னிக்கு ராத்திரியும், ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணையிலேர்ந்து திறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணையில இறங்கி வந்தப்பவும் எங்க தளத்துல அதுவரைக்கும் பாக்காத கூட்டம். யாருமே மெம்பர் இல்ல, எல்லாம் கெஸ்ட்டுதான். தண்ணி எங்க வரைக்கும் வந்துருச்சுன்னு பாக்க வந்தவங்க. அந்தக் கூட்டத்துக்குக் காரணம் இருந்துச்சு.

இப்ப பாருங்க, சித்திரை வெயில், ஒரு பொட்டு மழை இல்ல, கடல்ல ஒரு சுழற்சி கூட இல்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு 4000 கெஸ்ட்டைத் தாண்டிக் காட்டுது. அப்புறம் தானா இறங்குது. ரெண்டு நாள் அமைதி. மறுபடியும் ஏறுது. எதைப் படிக்கறாங்கன்னு பாத்தா 2013ல யாரோ போட்ட தூறல் கணக்கு, மெம்பர்களோட ப்ரொஃபைல் பக்கம், அதே பதிவோட பிரிண்ட் எடுக்கற பக்கம், இப்படி. மனுஷங்க இப்படிப் படிக்க மாட்டாங்க. ஃபெஞ்சல் ராத்திரி இருந்த "அதிகபட்சம் ஆன்லைனில் இருந்தவர்கள்" நம்பர் போய், அந்த இடத்துல இப்ப இந்தப் பேர் தெரியாத கூட்டத்தோட நம்பர் உக்காந்துருக்கு. எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

அந்த நேரத்துல நம்ம ஆளுங்க உள்ள வந்தா 508ன்னு எரர் வருது. ஹோஸ்டிங்காரங்க "ரிசோர்ஸ் லிமிட்டைத் தாண்டுறீங்க, இப்படியே போனா அக்கவுண்ட்டை நிறுத்திடுவோம்"னு மெயில் போட்டுட்டாங்க.

நான் தெரிஞ்சிக்க நினைக்கறது, இது யாரு, எதுக்கு வர்றாங்க, கெஸ்ட்டுக்குக் கதவை சாத்தாம இவங்களை மட்டும் எப்படி நிறுத்தறது. மூணாவதுதான் எனக்கு முக்கியம். கதவை சாத்தணும்னா நானே சாத்திடுவேன், ஆனா மழை நேரத்துல கெஸ்ட்டா வந்து பாத்துட்டுப் போறவங்களுக்காகத்தான் இந்தத் தளமே இருக்கு.

—

முந்திரிக்காடு:

பண்ருட்டியிலேர்ந்து. எங்க விவசாயத் தளத்துலயும் போன வருஷம் இதே கதைதான் ணா. நாங்க பேசாம மெம்பருக்கு மட்டும்னு மாத்திட்டோம், மறுநாளே அடங்கிடுச்சு. உங்க கவலை புரியுது, ஆனா தளமே படுத்துக்கிச்சுன்னா யாருக்கும் பிரயோஜனம் இல்லையே. மொதல்ல மூடுங்க, அப்புறம் யோசிங்க.

—

ராத்திரி_ஷிஃப்ட்:

லாஸ்பேட்டையிலேர்ந்து. சர்வர் பாக்கறதுதான் வேலை. மூடறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க.

மொதல்ல அந்த 4000ங்கற நம்பர். பிஹெச்பிபிபில கெஸ்ட் எண்ணிக்கைன்னு காட்டறது கடைசி 5 நிமிஷத்துல வந்த வேற வேற ஐபி முகவரியோட கணக்கு, 5 நிமிஷங்கறது நீங்க மாத்தாம இருந்தா. எத்தனை பக்கம் திறந்தாங்கங்கறது அதுல வராது. அப்ப 4000 கெஸ்ட்டுன்னா அஞ்சு நிமிஷத்துல 4000 தனித்தனி ஐபியிலேர்ந்து வந்துருக்கு. ஒரே ஆள் ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து திரும்பத் திரும்பத் தட்டறான்னா அந்த நம்பர் ஏறவே ஏறாது. இது ஒண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிடுது, இது பரவலா சிதறி வர்ற பாட் (தானா பக்கங்களை எடுக்கற புரோகிராம்) கூட்டம். ஒவ்வொரு ஐபியும் ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ எடுத்துட்டுப் போயிடும், திரும்ப வராது. அதனாலதான் ஃபெயில்டுபேன் மாதிரி, ஒரே ஐபி நிறைய தடவை வந்தா தடுக்கற வழியெல்லாம் இங்க செல்லாது.

கூகுள்பாட், பிங்பாட் மாதிரி பேர் சொல்லிட்டு வர்றதை பிஹெச்பிபிபி தன்கிட்ட இருக்கற பாட் லிஸ்ட்டை வெச்சு அடையாளம் கண்டு, பாட்டுன்னே தனியா காட்டும். பேரை மறைச்சு "நான் குரோம் பிரவுசர்"னு சொல்லிட்டு வர்றது எல்லாம் கெஸ்ட் கணக்குல விழுந்துடும். உங்களுக்கு வந்துருக்கறது இந்த ரெண்டாவது வகை.

ஹோஸ்டிங் பேனல்ல ரா ஆக்சஸ் லாக்னு, யார் எப்ப எந்தப் பக்கத்தைக் கேட்டாங்கன்னு பதிவாகற ஃபைல் ஒண்ணு இருக்கும், அதை இறக்கிப் பாருங்க. மனுஷன் ஒரு பக்கத்தைத் திறந்தா அந்தப் பக்கத்தோட சேத்து சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற) ஃபைல், லோகோ, மெம்பர் படம் எல்லாத்தையும் பிரவுசர் கேக்கும். பெரும்பாலான பாட் வெறும் பக்கத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிடும். இதுதான் எனக்குத் தெரிஞ்சு சீக்கிரமா பிரிச்சுப் பாக்கற வழி. அடுத்து குரோம் வெர்ஷனைப் பாருங்க. குரோம் 100 வந்தது 2022 மார்ச்ல. குரோம் தானாவே அப்டேட் ஆகற சாமான், அப்படி இருக்கும்போது ஆயிரக்கணக்கான பேர் இன்னும் அதுக்கும் பழைய வெர்ஷன்ல இருக்கேன்னு சொன்னா நம்பாதீங்க. அப்புறம் நேரம். கடலூர்க்காரங்க தூங்கற ஒரு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் கூட்டம் குறையணும், பாட்டுக்கு ராத்திரி பகல் கிடையாது. "கூகுள்பாட்"னு சொல்லிட்டு வர்றதையும் அப்படியே நம்பக் கூடாது, அந்த ஐபியை ரிவர்ஸ் டிஎன்எஸ் போட்டா, அதாவது அந்த ஐபி எந்தப் பேர்ல பதிவாகியிருக்குன்னு தேடினா, கூகுளோட டொமைன்ல முடியணும், அந்தப் பேரைத் திரும்பப் போட்டா அதே ஐபி வரணும். இது கூகுளே சொல்லியிருக்கற முறை.

எதுக்கு வர்றாங்கன்னா, பெரும்பாலும் எழுத்தை அள்ளறதுக்கு. ஏஐ மாடலுக்குப் பயிற்சி குடுக்க, தேடல் பதில் தயாரிக்க, காப்பியடிச்சு வேற தளம் போட, இப்படிப் பல பேர். ஒருத்தர் மட்டும்னு சொல்ல முடியாது. உங்க தளத்துக்கு மட்டும்னும் இல்ல. விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரல்ல சொன்னாங்க, 2024 ஜனவரிலேர்ந்து பார்த்தா மீடியா ஃபைல் இறக்கறதுக்கான பேண்ட்விட்த் 50 சதவீதம் கூடியிருக்கு, அவங்களுக்கு ரொம்ப செலவு வைக்கற டிராஃபிக்ல 65 சதவீதம் பாட்டோடது, ஆனா மொத்தப் பக்கப் பார்வையில பாட்டோட பங்கு 35 சதவீதம்தான்னு. காரணம் என்னன்னா மனுஷங்க எல்லாரும் ஒரே மாதிரி, அன்னிக்குப் பேசப்படற பக்கத்தைத்தான் பாப்பாங்க, அது கேஷ்ல, அதாவது முன்னாடியே தயாரிச்சு எடுத்து வெச்ச நகல்ல, ரெடியா இருக்கும். பாட் யாரும் தொடாத பழைய பக்கமா ஒண்ணு ஒண்ணா கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் சர்வர் டேட்டாபேஸைத் தோண்டி எடுத்துக் குடுக்கணும். உங்க 2013 தூறல் கணக்கை அவங்க கேக்கறது அதனாலதான் வலிக்குது. ரீட் தி டாக்ஸ்னு சாஃப்ட்வேர் கையேடுகளை இலவசமா வெச்சிருக்கற தளம், அங்க 2024 மே மாசத்துல ஒரே ஒரு கிராலர் (பக்கம் பக்கமா அள்ற பாட்) 73 டெராபைட் இறக்கிட்டுப் போயிருக்கு, 5000 டாலருக்கு மேல செலவாச்சுன்னு அவங்களே எழுதியிருந்தாங்க.

இவ்ளோ வீட்டு ஐபி எப்படிக் கிடைக்குதுன்னு கேப்பீங்க. ரெசிடென்ஷியல் ப்ராக்ஸின்னு ஒரு வியாபாரம் இருக்கு. இலவச விபிஎன் ஆப், கேம், விலை கம்மியான ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, இதுக்குள்ள ஒரு துண்டு சாஃப்ட்வேரை ஒளிச்சு வெச்சு, அந்த வீட்டோட இன்டர்நெட் வழியா வேற யாரோ போறதுக்கு வாடகைக்கு விடறாங்க. வீட்டுக்காரருக்கே தெரியாது. இந்த மாதிரி டிவி பெட்டிகளைப் பத்தி அமெரிக்க எஃப்பிஐ 2025 ஜூன்ல எச்சரிக்கையே விட்டுச்சு. அதனால லாக்ல பிரேசில் வீடு, வியட்நாம் வீடுன்னு வந்தா அந்த ஊர்க்காரங்க உங்க மழைக் கணக்கைப் படிக்கறாங்கன்னு அர்த்தம் இல்ல.

ரோபாட்ஸ் டெக்ஸ்ட் ஃபைல், அதாவது எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாதுன்னு பாட்டுக்குச் சொல்ற ஃபைல், வெச்சிருக்கீங்களா? 1994லேர்ந்து இருக்கற பழக்கம், 2022ல ஆர்எஃப்சி 9309ங்கற இன்டர்நெட் தர ஆவணமா முறையா எழுதியும் வெச்சாங்க. ஆனா கட்டாயம் எதுவும் இல்ல, மதிக்கறவன் மதிப்பான். ஓப்பன்ஏஐயோட ஜிபிடிபாட், காமன் கிராலோட சிசிபாட் மாதிரி பேர் சொல்லி வர்றதுக்கு அதுல எழுதி வெக்கலாம். பேரை மறைச்சு வர்றவன் அந்த ஃபைலைத் திறந்து கூட பாக்க மாட்டான். லாக்ல அதையும் பாருங்க.

—

கெடிலக்கரை:

ரொம்ப நன்றிங்க, இப்படி யாரும் எனக்கு விளக்கினது இல்ல. லாக் இறக்கிப் பாத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரியே சிஎஸ்எஸ், படம் எதுவுமே கேக்கல, பத்துல ஒம்போது வெறும் பக்கம்தான். ரோபாட்ஸ் ஃபைலைக் கேட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரே பதிவையே வேற வேற லிங்க்ல எடுக்கறாங்க, லிங்க் கடைசில எஸ்ஐடின்னு ஒரு நீளமான எழுத்துக் கோர்வை ஒட்டியிருக்கு, ஒவ்வொண்ணுலயும் அது வேற.

நாடு பாத்தா பிரேசில், வியட்நாம் இருக்கு, ஈராக் இருக்கு, ஆனா அதிகமா சிங்கப்பூர். இங்கதான் எனக்குச் சிக்கல். ஒரு நண்பர் இந்தியாவைத் தவிர எல்லா நாட்டையும் பிளாக் பண்ணுன்னு சொல்றாரு. அது எப்படி முடியும்? பரங்கிப்பேட்டையில வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்லயோ சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருக்காங்க. புதுச்சேரியை எடுத்துக்கிட்டா பாரீஸ்லயும் ரியூனியன்லயும் சொந்தம் இல்லாத தெரு எங்க இருக்கு? வெள்ளம் வந்தா அவங்கதான் மொதல்ல பதறிப்போய்த் தேடறவங்க. அம்மா அப்பா இங்க தனியா இருப்பாங்க, போன் போகாது, டவர் படுத்திருக்கும். அந்த நேரத்துல உங்க நாட்டுக்கு அனுமதி இல்லைன்னு ஒரு பக்கம் வந்து நின்னா அவங்களுக்கு எப்படி இருக்கும்.

முந்திரிக்காடு தம்பி, நீங்க சொன்ன மெம்பர் மட்டும் வழியும் இதே காரணத்தாலதான் எனக்கு ஒத்து வரல. ராத்திரி தண்ணி ஏறும்போது யாரும் ரிஜிஸ்டர் பண்ணி, மெயில் வந்து, அதுல லிங்க்கைத் தட்டிட்டு உள்ள வர மாட்டாங்க.

—

முகத்துவாரம்:

நான் பரங்கிப்பேட்டைதான், சிங்கப்பூர்ல வேலை. இதுவரைக்கும் உங்க தளத்துல மெம்பர் ஆனதே இல்ல, ஆனா எத்தனையோ வருஷமா மழைக்காலம் வந்தா தினம் பாக்கறேன், இந்தப் பதிலுக்காக இப்பத்தான் இங்க வந்தேன். டிவில கடலூர் மாவட்டம்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுவாங்க, வெள்ளாத்துல தண்ணி எப்படி, எங்க பக்கம் கரண்ட் இருக்கான்னு உங்ககிட்டதான் தெரியும். தயவுசெஞ்சு சிங்கப்பூரை பிளாக் பண்ணிடாதீங்க ணா. இங்க என்னோட ரூம்ல இருக்கறவங்க எல்லாருமே அந்த லிங்க்கைத்தான் பாப்பாங்க, நாங்க எல்லாம் ஒரே வைஃபை வேற, ஒரு ஐபிக்கு இத்தனை தடவைதான்னு கட்டுப்பாடு வெச்சாலும் எங்களுக்கு அடிபடும்.

—

ராத்திரி_ஷிஃப்ட்:

முகத்துவாரம் சொன்ன கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், அதை இன்னும் கொஞ்சம் பெருசா பாருங்க. நம்ம ஊர் மொபைல் நெட்வொர்க்லயும் ஐபிவி4ல நூத்துக்கணக்கான பேருக்கு வெளியில தெரியறது ஒரே ஐபியா இருக்கலாம், சிஜிநாட்டுன்னு பேரு. புயல் அன்னிக்கு தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஐம்பது பேர் ஒரே நேரத்துல பாத்தா அது ஒரே ஆள் ஐம்பது தடவை வந்த மாதிரி தெரியும். ஒரு ஐபிக்கு இவ்ளோன்னு வெச்சீங்கன்னா நம்ம ஆளுங்கதான் மாட்டுவாங்க, ஒரு ஐபிக்கு ஒரு பக்கம்னு வர்ற பாட் தப்பிச்சிடும். அதனால அந்த வழி வேண்டாம்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணு பிரிச்சுப் பாக்கலாம். அங்க பெரிய பெரிய டேட்டா சென்டர் நிறைய. வீட்டு இன்டர்நெட், மொபைல் இதுக்கெல்லாம் ஒரு ஏஎஸ்என் நம்பர் (ஒவ்வொரு நெட்வொர்க்கையும் அடையாளம் காட்டற நம்பர்), கிளவுட் கம்பெனிக்கு வேற ஏஎஸ்என் நம்பர். நாட்டைத் தொடாதீங்க, டேட்டா சென்டர் ஏஎஸ்என்லேர்ந்து வர்றதை மட்டும் சோதனைக்கு, அதாவது உண்மையான பிரவுசர்தானான்னு பாக்கற பக்கத்துக்கு, அனுப்புங்க. அறையில உக்காந்து போன்ல பாக்கறவரு டேட்டா சென்டர்லேர்ந்து வர மாட்டாரு, விபிஎன் போட்டிருந்தா ஒழிய.

அந்த எஸ்ஐடி விஷயம்: குக்கீ (தளம் பிரவுசர்ல வெக்கற சின்னக் குறிப்பு) ஏத்துக்காதவங்களுக்கு பிஹெச்பிபிபி செஷன் நம்பரை (அந்த வருகைக்கான அடையாளத்தை) லிங்க்லயே ஒட்டிடும். பாட் குக்கீ வெச்சுக்காது, அதனால ஒவ்வொரு தடவையும் புது எஸ்ஐடி, புது லிங்க், அதுக்குத் தெரிஞ்சு அது புதுப் பக்கம். முடிவே இல்லாம சுத்தும். லாக்இன் குக்கீ இல்லாம எஸ்ஐடி ஒட்டி வர்ற லிங்க்கை எஸ்ஐடி இல்லாத லிங்க்குக்குத் திருப்பி விடுங்க, லாக்இன் பக்கம், ரிஜிஸ்டர் பக்கம் ரெண்டுக்கும் மட்டும் இதைப் போடாதீங்க.

இப்ப என்ன பண்ணலாம்னு கேட்டீங்கன்னா, என் அபிப்ராயம் இதுதான். பாட்டைத் தேடித் தேடித் தடுக்கறதை விட, கெஸ்ட்டுக்குப் பக்கம் குடுக்கறதை மலிவாக்குங்க. கெஸ்ட் எல்லாருக்கும் தெரியற பக்கம் ஒண்ணுதான், ஆளுக்கு ஆள் மாறாது. ஒருதரம் தயாரிச்சதைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்து வெச்சு அதையே எல்லாருக்கும் குடுத்தா டேட்டாபேஸ் பக்கமே போக வேண்டாம். முகப்புக்கும் நடப்பு மழைப் பதிவுக்கும் ஒரு நிமிஷம், பழசுக்கு ஒரு நாள் கூட வெக்கலாம். இதனால புயல் ராத்திரி நிஜமான கூட்டம் வந்தாலும் தளம் தாங்கும், அதுதான் எனக்கு இதுல பிடிச்ச விஷயம். இதுக்கு ஷேர்டு ஹோஸ்டிங் போதாது, சின்னதா ஒரு விபிஎஸ் (நம்ம கட்டுப்பாட்டுல இருக்கற தனி வாடகை சர்வர்) எடுத்து, முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் சாஃப்ட்வேரைப் போடணும்.

சில இடத்துல ஜாக்கிரதை. பிஹெச்பிபிபி கெஸ்ட்டுக்கும் குக்கீ குடுக்கும், பதில்ல குக்கீ இருந்தா என்ஜின்எக்ஸ் அதைக் கேஷ் பண்ணாது, அதைக் கண்டுக்க வேணாம்னு தனியா சொல்லணும். கெஸ்ட்டா மெம்பரான்னு பிரிக்க குக்கீல இருக்கற யூசர் நம்பரைப் பாருங்க, கெஸ்ட்டுக்கு எப்பவும் 1தான். லாக்இன் பக்கம், ரிஜிஸ்டர் பக்கம் ரெண்டையும் கேஷ்ல வெக்கவே கூடாது. எடுத்து வெச்ச பக்கத்துக்குள்ள இருக்கற லிங்க்ல யாரோட எஸ்ஐடியும் ஒட்டிக்கிட்டு இல்லையான்னு கண்ணால ஒரு தடவை பாத்துடுங்க.

இன்னொண்ணு, இது இன்னிக்கே பண்ணலாம், காசு வேணாம். அட்மின் பேனல்ல கெஸ்ட் பர்மிஷன்ல தேடல், மெம்பர் லிஸ்ட், ப்ரொஃபைல் பாக்கறது, பிரிண்ட் பக்கம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. புயலுக்கு வர்றவங்க ப்ரொஃபைல் பாக்க வர்றது இல்ல. தேடல்தான் டேட்டாபேஸை ரொம்ப வதைக்கறது. அப்படியே லோட் செட்டிங்ஸ்ல செஷன் லிமிட்டுன்னு இருக்கறதையும் பாருங்க, அதுல ஏதாவது நம்பர் போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல அதைத் தாண்டினதும் போர்டே ஆஃப்லைன் ஆயிடும். பாட் கூட்டம் வந்தாலே போதும், தளம் மூடிக்கும். 0ன்னு விடுங்க.

—

முந்திரிக்காடு:

அனுபிஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, பிரவுசருக்குக் கணக்கு குடுத்து போட்டுட்டு வந்தாத்தான் உள்ள விடுமாமே, அது போட்டா ஆகாதா? இல்லன்னா தளத்துக்கு முன்னாடி நின்னு வடிகட்டற கிளவுட்ஃப்ளேரோட இலவச பிளான்?

—

ராத்திரி_ஷிஃப்ட்:

ஆகும் தம்பி, ரெண்டும் நல்ல சாமான்தான். அனுபிஸ் 2025 ஜனவரில வந்தது, க்னோம், கேடிஇ மாதிரி பெரிய ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் எல்லாம் போட்டிருக்காங்க. பக்கம் திறக்கறதுக்கு முன்னாடி பிரவுசர் ஒரு ஹாஷ் கணக்கைப் போட்டுக் காட்டணும், ஒரு ஆளுக்கு அது ஒண்ணுமே இல்ல, லட்சக்கணக்குல அள்றவனுக்கு கரண்டு செலவு. ஆனா நம்ம விஷயத்துல யோசிங்க. புயல் ராத்திரி, சார்ஜ் பத்து சதவீதம், பழைய போன், டவர்ல ஒரு புள்ளி சிக்னல். அவருக்குப் போய்க் கணக்கு குடுக்கக் கூடாது.

அதனால எல்லாப் பக்கத்துக்கும் போடாதீங்க. பிஹெச்பிபிபில ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையா ஒரு நம்பர் உண்டு, லிங்க்ல தெரியும். போன சீசன் முடிஞ்சப்ப என்ன நம்பர்ல இருந்துச்சோ, அதுக்குக் கீழ இருக்கறதுக்கு மட்டும் சோதனை, அதுக்கு மேல முகப்பு, நடப்புப் பதிவு எல்லாம் சும்மா திறந்தே இருக்கட்டும். பாட் கூட்டம் தோண்டறது பழசைத்தான், மனுஷங்க தேடி வர்றது புதுசைத்தான். கிளவுட்ஃப்ளேர் இலவச பிளான்லயே இதுக்கு விதி எழுதலாம், அஞ்சு விதி வரைக்கும் குடுக்கறாங்க. தேடல் இயந்திரம் மாதிரி சரிபார்த்த பாட்டுக்கு விலக்கு குடுக்க மறந்துடாதீங்க, இல்லன்னா கூகுள்லேர்ந்தே காணாம போயிடுவீங்க.

கிளவுட்ஃப்ளேர் போட்டா ஒண்ணு கவனிங்க, நிஜமான ஐபியை சர்வருக்குத் தெரியற மாதிரி செட் பண்ணணும். அதைப் பண்ணாம விட்டா வர்றது எல்லாம் கிளவுட்ஃப்ளேரோட கொஞ்சம் ஐபியா மட்டும் தெரியும், கெஸ்ட் நம்பர் சட்டுனு நூறுக்குக் கீழ இறங்கிடும், சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவீங்க. லோட் அப்படியேதான் இருக்கும்.

—

வில்லியனூர்_மாடி:

நான் இவங்க தளத்துலயே மழைமானி வெச்சு அளவு போடறவ. எனக்கு இந்த சர்வர் விஷயம் அவ்வளவா தெரியாது, ஆனா ஒண்ணு சொல்லணும்னு தோணுது.

அள்ளிட்டுப் போறாங்கன்னு கோவப்படறீங்க, அள்ளற விதம் தப்புங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா நாங்க அளவு எடுத்துப் போடறதே நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னுதான். தமிழ்ல மழையைப் பத்தி, ஏரி நிரம்பறதைப் பத்தி, எந்த வாய்க்கால் எங்க உடையும்ங்கறதைப் பத்தி ஊர்க்காரங்க எழுதினது இன்டர்நெட்ல எவ்ளோ இருக்கு? கம்மிதான். நாளைக்கு ஏதோ ஒரு மெஷின்கிட்ட ஒரு பிள்ளை தமிழ்ல வெள்ளத்தைப் பத்திக் கேட்டா, அதுக்குப் பாகூர் ஏரி எதுன்னு தெரிஞ்சிருக்கறது நல்லதுதானே. அதனால மொத்தமா தடுக்கறதுல எனக்கு மனசு ஒப்பல. விக்கிப்பீடியா மொத்த எழுத்தையும் ஒரே ஃபைலா இறக்கிக்கற மாதிரி வெச்சிருக்காங்களே, அதே மாதிரி வருஷா வருஷம் மழைக் கணக்கை ஒரு ஃபைலாக்கிப் பொதுவுல வெச்சா என்ன? வேணுங்கறவங்க ஒரு தடவை எடுத்துட்டுப் போகட்டும். காலேஜ் பசங்களுக்கும் உதவும்.

ஆனா மெம்பர் ப்ரொஃபைலும், யார் எந்த ஊர் எந்தத் தெருன்னு எழுதியிருக்கறதும் அதுல போகக் கூடாது. அளவு எல்லாருக்கும் பொது, ஆளோட விவரம் அப்படி இல்ல. என் மாடி எந்தத் தெருவுல இருக்குன்னு முகம் தெரியாதவனுக்கு எதுக்குத் தெரியணும்? ப்ரொஃபைலை கெஸ்ட்டுக்கு மூடறதை மட்டும் நாளைக்குத் தள்ளாம இன்னிக்கே பண்ணிடுங்க.

—

ராத்திரி_ஷிஃப்ட்:

அக்கா சொன்னது நல்ல யோசனை. பேரை மறைச்சு வர்றவன் அந்த ஃபைல் இருக்கறதைக் கவனிப்பான்னு நான் சொல்ல மாட்டேன், லிங்க் லிங்க்கா தாவறதுதான் அவன் எழுதி வெச்சிருக்கற நிரல். ஆனா முறையா வர்றவங்களுக்கு அது போதும், சர்வருக்கும் அது ஒரு சின்ன ஃபைல் மட்டும்தான், டேட்டாபேஸ் வேலை இல்ல. பண்ணுங்க.

—

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

ப்ரொஃபைல், மெம்பர் லிஸ்ட், தேடல், பிரிண்ட் நாலையும் அக்கா சொன்ன அன்னிக்கே கெஸ்ட்டுக்கு மூடிட்டேன். அதுக்கே லோட் நல்லா இறங்கிச்சு, 508 வர்றது கொறஞ்சு போச்சு, ஆனா கெஸ்ட் நம்பர் இறங்கல. எஸ்ஐடி திருப்பி விடறதும் போட்டாச்சு. பழைய பதிவுக்கு மட்டும் சோதனை விதி போட்ட பிறகுதான் நம்பரும் இறங்க ஆரம்பிச்சுது. நிஜ ஐபி செட் பண்ணிட்டுத்தான் பாத்தேன், லாக்லயும் சரியாத்தான் இருக்கு. நாடு எதையும் தடுக்கல, டேட்டா சென்டர் ஏஎஸ்என் மட்டும் சோதனைக்குப் போகுது. அலை இன்னும் வருது, முழுசா நிக்கல, வந்தா வாசல்ல நின்னுட்டுப் போயிடுது.

விபிஎஸ் மாத்தறதுக்கு நாங்க சில பேர் காசு போட்டுக்கறோம். அதுல கேஷ் வெச்சு, ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னு பாக்கறோம். துறைமுகத்துல 3ஆம் நம்பர் கூண்டு ஏத்தினா எல்லா சோதனையையும் எடுத்துட்டு கேஷை மட்டும் நம்பி ஓட்டறதுன்னு பேசி வெச்சிருக்கோம், அதுக்கு யாரு பொறுப்புன்னு ரெண்டு பேரையும் போட்டாச்சு, ஒருத்தர் வீட்ல கரண்ட் போனாலும் இன்னொருத்தர் வேற ஊர்ல இருக்கற மாதிரி. மழைக் கணக்கு ஃபைல் வேலையை அக்காவும் நானும் பாத்துக்கறோம், 2012லேர்ந்து இருக்கறதைச் சேத்துட்டு வர்றோம்.

ஒரு உதவி மட்டும் வேணும். செப்டம்பர் கடைசி வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கெஸ்ட்டா உள்ள வந்து பாக்கணும், லாக்இன் பண்ணாம. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூணுலேர்ந்தும் ஆள் வேணும், பழைய போன் வெச்சிருக்கறவங்க கட்டாயம் வேணும். முகத்துவாரம், உங்க ரூம்ல இருக்கறவங்களையும் அதே வைஃபைலேர்ந்து பாக்கச் சொல்லுங்க. ஃப்ரான்ஸ், ரியூனியன்ல சொந்தக்காரங்க இருக்கற புதுச்சேரிக்காரங்க அவங்ககிட்டயும் கேட்டுச் சொல்லுங்க, அங்க மணி வேற, அவங்களுக்கு ஏத்த மாதிரி நேரத்தை மாத்திக்கலாம். யார் யார் வருவீங்கன்னு கீழ எழுதுங்க, எந்த நெட்வொர்க், எந்த ஊருன்னும் சேத்துப் போடுங்க.